கட்டளை வரியும் நிரற்களஞ்சியமும்: கடல் முன்னறிவிப்பை ஒட்டிய ஒரு பாடம்

ஐதராபாத் நகரின் வடபுறத்தே ஜீடிமெட்லா என்னும் தொழிற்பேட்டை உளது. மருந்துத் தொழிற்சாலைகளும் பொறித் தொழிற்சாலைகளும் மலிந்த இப்பகுதியை அடுத்த பிரகதி நகரில், 'ஓஷன் வேலி' என்னும் வளாகத்தில், இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இயங்கி வருகிறது. 'இன்காய்ஸ்' என்ற சுருக்கப் பெயரால் இதனைப் பலரும் அறிவர். 1999ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இம்மையம் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தைச் சார்ந்த தன்னாட்சி நிறுவனமாகும். அங்கிருந்து வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நெடுங்காலம் ஜீடிமெட்லா அஞ்சல் முகவரியே காணப்பட்டது.

கடலினின்று இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் மட்டத்திற்கு ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருந்துகொண்டு, கடலின் நிலையை இம்மையம் நாள்தோறும் கணித்துரைக்கிறது. மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய இடங்கள், அலைகளின் உயரம், காற்றின் வேகம், ஆழிப்பேரலை அபாயம் ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புகள் இங்கிருந்தே கரையோர மாநிலங்களுக்குச் செல்கின்றன. அங்குப் பணியாற்றுவோர் சன்னலைத் திறந்து கடலைப் பார்த்து உண்மையறிய இயலாது. கருவிகள் அனுப்பும் எண்களும், அவ்வெண்களைக் கணிக்கும் நிரல்களுமே அவர்களுக்குக் கண்ணும் காதுமாகும். ஆகவே, நிரல் ஒன்றில் ஓர் எழுத்துப் பிழைபடின், நாகப்பட்டினத்திலோ இராமேசுவரத்திலோ படகேறும் மீனவர் அதன் விளைவைத் தாங்க நேரிடும்.

இத்தகைய நிரல்களை எங்ஙனம் பத்திரப்படுத்துவது? பலர் கூடித் திருத்தும்போது குழப்பம் நேராமல் எங்ஙனம் காப்பது? திருத்திய நிரல் பயனுக்கு வருமுன் அதனை எங்ஙனம் சோதிப்பது? இவ்வினாக்களுக்கு இன்றைய கணினித் துறை கண்ட விடைகளே நிரற்களஞ்சியமும் பணித்தொடரும் ஆகும். இவ்விரண்டையும் கட்டளை வரியிலிருந்து கையாளும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்து பயன்கொள்ளுமாறு இக்கட்டுரையில் விளக்குவோம்.

1. எதனைக் காக்கிறோம்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, இந்திய நேரப்படி சுமார் 6.29 மணிக்குச் சுமத்ராவின் அருகே கடலடியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலைகள் தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த இடைவேளையில் கரையோர மக்களுக்கு அறிவிப்பு யாதும் எட்டவில்லை; அறிவிக்கும் அமைப்பே அந்நாளில் இந்துமாக் கடலுக்கு இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். இதன் பின்னரே இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இன்காய்ஸ் வளாகத்தில் அமைக்கப்பெற்று, 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் இரவு பகலாக இயங்கி வருகிறது.

அம்மையத்தின் வேலைமுறையை உற்று நோக்கின், அது பல படிகள் கோத்த ஒரு சங்கிலி என்பது புலனாகும். நில அதிர்ச்சி நிலையங்களின் அளவீடுகள் முதலில் வந்து சேரும். அவற்றைக் கொண்டு பூகம்பத்தின் இடம், ஆழம், வலிமை ஆகியவை கணிக்கப்படும். அலை பரவும் விதத்தைப் பூகம்பம் நிகழ்ந்தபின் புதிதாகக் கணிக்கப் போதிய நேரம் இராது. ஆதலின், பல்வேறு இடங்களில் பல்வேறு வலிமையுடன் பூகம்பம் நிகழின் யாது விளையும் என்பது முன்கூட்டியே கணிக்கப்பட்டுத் தொகுத்து வைக்கப்பட்டுள்ளது. அத்தொகுப்பிலிருந்து பொருத்தமான கணிப்பு எடுக்கப்பட்டு, எந்தக் கரையில் எப்பொழுது எவ்வளவு உயர அலை வரும் என்பது அறிவிக்கப்படும். பின்னர், கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் தரும் அளவுகளைக் கொண்டு அவ்வறிவிப்பு உறுதி செய்யப்படும், அல்லது நீக்கப்படும்.

ஒரு படியின் விளைவு அடுத்த படிக்கு மூலப்பொருளாவதை இங்குக் காண்கிறோம். இடையில் ஒரு கண்ணி தவறினும் கடைசியில் வெளிவரும் அறிவிப்பு தவறாகும். தவறு இருவகைப்படும். அபாயம் உள்ளபோது 'அபாயமில்லை' எனல் ஒரு வகை. அபாயம் இல்லாதபோது 'அபாயம்' எனல் மற்றொரு வகை. முன்னது உயிரைக் கொள்ளும். பின்னது ஒருநாள் பிழைப்பைக் கெடுப்பதுடன், பன்முறை நேரின், மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் நம்பாதவாறு செய்துவிடும். இவ்விரண்டையும் தவிர்ப்பதே நிரல்களைப் பேணுவோரின் கடமை.

2. நிரற்களஞ்சியம்

அரசாங்க அலுவலகக் கோப்பு எங்ஙனம் இயங்குகிறது என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர். கோப்பின் குறிப்புத் தாளில் எழுத்தர் ஒரு குறிப்பு எழுதுவார். கண்காணிப்பாளர் அதன்கீழ்த் தம் கருத்தை எழுதிக் கையொப்பமும் நாளும் இடுவார். முன்னர் எழுதிய குறிப்பு தவறெனக் காணப்படின், அதனைக் கிழித்தெறிதல் இல்லை. அதன்கீழ்ப் புதிய குறிப்பொன்றே எழுதப்படும். பத்தாண்டுகள் கழிந்த பின்னும் எவர், எந்நாளில், எக்காரணத்தால், எம்முடிவு செய்தார் என்பதைக் கோப்பினின்று அறியலாம்.

நிரற்களஞ்சியமும் இத்தகையதே. 'ரெப்போசிட்டரி' என்றும், சுருக்கமாக 'ரெப்போ' என்றும் தொழிலோர் இதனை வழங்குவர். ஒவ்வொரு திருத்தமும், திருத்தியவர் பெயர், நாள், நேரம், காரணம் ஆகியவற்றுடன் இதன்கண் பதிவாகிறது. அப்பதிவுக்குக் 'கமிட்' என்று பெயர். இனி இதனைப் 'பதிவு' என்றே குறிப்போம்.

இம்முறை புதிதன்று. 1972ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரோச்கைண்ட் என்பார் இதற்கெனத் தனிக் கருவியொன்றை ஆக்கினார். பின்னர்ப் பல கருவிகள் தோன்றின. அவற்றுள் இன்று உலகெங்கும் பரவியிருப்பது 'கிட்' என்பதாகும். லினக்ஸ் இயக்க முறைமையின் மூலநிரலைப் பேணுவதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதனைப் படைத்தார். அவ்வாண்டு சூலை மாதம் முதல் ஜூனியோ ஹமானோ என்பார் இதன் பராமரிப்பை ஏற்று நடத்தி வருகிறார்.

கிட் கருவியின் சிறப்புகளுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, களஞ்சியத்தை நகலெடுப்போர் ஒவ்வொருவரிடமும் அதன் முழு வரலாறும் வந்து சேர்கிறது. தலைமையிடத்துப் பொறி பழுதுற்றாலும் பிறரிடமுள்ள நகலினின்று மீட்கலாம். இணையத் தொடர்பில்லாத கரையோர அலுவலகத்திலும் வேலை தொடரலாம். இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்றே கணித்துப் பெறும் அடையாள எண் உண்டு. நாற்பது குறிகள் கொண்ட அவ்வெண், முந்திய பதிவின் எண்ணையும் உட்கொண்டு கணிக்கப்படுகிறது. ஆகவே, பழைய பதிவொன்றில் எவரேனும் ஓரெழுத்தை மாற்றின், அதற்குப் பின் வந்த எல்லா எண்களும் மாறி, மாற்றம் வெளிப்பட்டுவிடும்.

கடலியல் துறையிலும் இம்முறை வேரூன்றிவிட்டது. அலைகளைக் கணிப்பதற்கு உலகின் பல முன்னறிவிப்பு நிலையங்கள் கையாளும் 'வேவ்வாட்ச்–3' என்னும் நிரலை இன்காய்ஸ் மையமும் பயன்படுத்துகிறது. அந்நிரலின் மூலம் அமெரிக்க நாட்டுக் கடல் வளிமண்டல நிர்வாகத்தாரால் 'கிட்ஹப்' என்னும் பொதுக் களஞ்சியத்தில் யாவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளது. நம் நாட்டிலும், அரசாங்கப் பயன்பாட்டு நிரல்களின் மூலத்தைத் திறந்து வைத்துக் கூட்டாக வளர்ப்பதற்கான கொள்கையை 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்டது. அதனையொட்டி 'ஓப்பன்ஃபோர்ஜ்' என்னும் அரசாங்கக் களஞ்சியம் நிறுவப்பட்டது.

3. கட்டளை வரி

திரையில் படங்களைச் சுட்டி வேலை வாங்கும் முறை எளிதாயிருக்க, எழுத்தால் கட்டளையிடும் பழைய முறையை ஏன் கற்க வேண்டும் என்று மாணவர் வினவக்கூடும். இதற்குக் காரணம் மூன்று. கட்டளையை எழுதி வைத்துக்கொண்டு அப்படியே மீண்டும் இயக்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். திரையில்லாத தொலைதூரப் பொறிகளையும் குறைந்த வேக இணைப்பின் வழியே ஆளலாம். ஒரு கட்டளையின் விளைவை மற்றொன்றுக்கு ஊட்டலாம்.

மூன்றாவது காரணம் சிறிது விளக்கத்தை வேண்டுவது. நிரல்களை நீர்க்குழாய்களைப் போல் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும் என்னும் கருத்தைப் பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் 1964ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். 1973ஆம் ஆண்டில் கென் தாம்சன் அதனை யூனிக்ஸ் முறைமையில் நடைமுறைக்குக் கொணர்ந்தார். இரு கட்டளைகளுக்கிடையே செங்குத்துக் கோடொன்று இடுவதே அதற்குரிய குறி. முதற் கட்டளை வெளியிடும் எழுத்துகள் யாவும் இரண்டாவதற்கு உள்ளீடாகும். 'பைப்' என்னும் இக்குழாய் வேறு. பின்னர் விளக்கப்படும் 'பைப்லைன்' என்னும் பணித்தொடர் வேறு. பெயரொற்றுமையால் மயங்கலாகாது.

இக்கட்டுரையில் கட்டளைகள் ஒலிப்பு முறையில் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. பொறியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால், சொற்களுக்கிடையே ஓரிடம் விட்டுத் தட்டச்சிட வேண்டும்.

4. முதற் பயிற்சி

கடலோரப் பள்ளியொன்றில் மாணவர்கள் சிறு நிரல் ஒன்று எழுதுவதாகக் கொள்வோம். அலையின் உயரத்தை மீட்டரில் கொடுத்தால், 2.5 மீட்டரும் அதற்கு மேலுமாயின் 'கடலுக்குச் செல்லற்க' என்றும், குறைவாயின் 'கவனத்துடன் செல்க' என்றும் அந்நிரல் விடையிறுக்க வேண்டும். 2.5 என்னும் எல்லை பாடத்திற்காக மட்டும் கொண்டது. மெய்யான பயணத்திற்கு உரிய அதிகாரிகளின் அறிவிப்பையே பின்பற்றுதல் வேண்டும்.

நிரலுள்ள கோப்பகத்தினுள் சென்று, பின்வரும் கட்டளைகளை வரிசையாக இடுக.

கிட் இனிட்
கிட் ஸ்டேட்டஸ்
கிட் ஆட் அலை
கிட் கமிட்
கிட் லாக்

முதற் கட்டளை அக்கோப்பகத்தைக் களஞ்சியமாக்கும். இரண்டாவது, எக்கோப்புகள் மாறியுள்ளன, எவை இன்னும் பதிவாகவில்லை என்று தெரிவிக்கும். ஐயம் நேரும்போதெல்லாம் இக்கட்டளையை இடுதல் நல்ல பழக்கம். இது எதனையும் மாற்றுவதில்லை. மூன்றாவது, 'அலை' என்னும் கோப்பை அடுத்த பதிவுக்கெனத் தனியே எடுத்து வைக்கும். நான்காவது அதனை நிலையாகப் பதியும். ஐந்தாவது பதிவுகளின் வரலாற்றைக் காட்டும்.

எடுத்து வைத்தலும் பதிதலும் இரண்டு படிகளாய் இருப்பது தொடக்கத்தில் மாணவர்க்கு வியப்பளிக்கும். அலுவலக உவமையால் இதனை எளிதில் விளக்கலாம். மேசைமேல் வரைவுகள் பல கிடக்கும். அவற்றுள் அன்று அனுப்ப வேண்டியவற்றை மட்டும் தட்டில் எடுத்து வைப்போம். தட்டிலுள்ளவையே பதிவேட்டில் ஏறும். மேசை நாம் வேலை செய்யும் கோப்பகம், தட்டு இடைநிலை, பதிவேடு களஞ்சியம்.

பதிவு செய்யும்போது காரணவுரை ஒன்று எழுத வேண்டும். 'திருத்தம்', 'சிறு மாற்றம்' என்று எழுதுதல் பயனற்றது. 'எல்லையளவு 2.5 மீட்டர் எனச் சேர்க்கப்பட்டது' என்று எழுதின், ஆறு மாதம் கழித்து வருபவர்க்கு அது வழிகாட்டும். என்ன மாற்றினோம் என்பதை நிரலே காட்டும். ஏன் மாற்றினோம் என்பதைக் காரணவுரைதான் காட்ட முடியும்.

முதற்பதிவுக்கு முன் பெயரையும் மின்னஞ்சலையும் கருவிக்குத் தெரிவித்தல் வேண்டும். இவை வரலாற்றில் அழியாது நிற்குமாதலால், பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படும் நிரலுக்கு மாணவரின் சொந்த முகவரியைக் கொடாமல், பள்ளிக்குரிய பொது முகவரியைக் கொடுத்தல் தக்கது.

5. கிளையும் இணைப்பும்

பயனிலிருக்கும் நிரலை நேரே திருத்துதல் ஆகாது. அதற்கெனக் கிளையொன்று பிரித்து, அதன்கண் திருத்தி, சோதித்து, பின்னர் மூலத்துடன் இணைத்தல் வேண்டும். இதற்குரிய கட்டளைகளாவன:

கிட் சுவிட்ச் –சி அடி
கிட் டிஃப்
கிட் புஷ் –யூ ஆரிஜின் அடி

முதற் கட்டளை 'அடி' என்னும் பெயருடைய புதிய கிளையை அமைத்து நம்மை அதனுள் கொண்டு சேர்க்கும். இரண்டாவது, பதியுமுன் எவ்வெவ்வரிகள் மாறியுள்ளன என்பதைக் காட்டும். நீங்கிய வரி கழித்தற்குறியுடனும், சேர்ந்த வரி கூட்டற்குறியுடனும் தோன்றும். மூன்றாவது, பதிவு செய்து முடித்த கிளையைத் தலைமையிடக் களஞ்சியத்திற்கு அனுப்பும்.

அனுப்பிய கிளை தானே இணைந்துவிடாது. இணைக்குமாறு வேண்டுகோள் விடுத்தல் வேண்டும். அதனைப் பிறரொருவர் பார்வையிட்டு ஒப்புதல் வேண்டும். கிட்லேப் களஞ்சியத்தில் இதற்கு 'மெர்ஜ் ரிக்வெஸ்ட்' என்றும், கிட்ஹப் களஞ்சியத்தில் 'புல் ரிக்வெஸ்ட்' என்றும் பெயர். இவற்றையும் கட்டளை வரியினின்றே நடத்துவதற்குத் தனிக்கருவிகள் உள்ளன. கிட்லேபுக்குரியது 'கிளாப்', கிட்ஹப்புக்குரியது 'ஜி.எச்.' என்னும் ஈரெழுத்துக் கருவி. பின்னதன் முதல் நிலைப் பதிப்பு 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

கிளாப் ஆத் லாகின்
கிளாப் எம்.ஆர். கிரியேட்

முதற் கட்டளை நம்மை இன்னாரென்று களஞ்சியத்திற்கு அறிமுகம் செய்யும். இது ஒருமுறை செய்தாற் போதும். இரண்டாவது இணைப்பு வேண்டுகோளை விடுக்கும். ஜி.எச். கருவியில் இதற்கு இணையானது 'ஜி.எச். பி.ஆர். கிரியேட்' என்பது.

6. பணித்தொடர்

மேற்கண்ட 'அடி' என்னும் கிளையில் மாணவரொருவர் யாது செய்தார் என்று பார்ப்போம். மீனவர் அடிக் கணக்கில் கேட்கின்றனரென எண்ணி, 2.5 மீட்டர் என்னும் எல்லையை 8.2 அடி என மாற்றினார். ஆயின், உள்ளே வரும் அலையுயரம் இன்னும் மீட்டரிலேயே இருக்கிறது. இப்பொழுது 3 மீட்டர் அலை வருமாயின், நிரல் 3 என்னும் எண்ணை 8.2 உடன் ஒப்பிட்டு, 'கவனத்துடன் செல்க' என்று கூறும். இதற்கு மாறாக, உள்ளீட்டை அடியாக்கி எல்லையை 2.5 ஆகவே விட்டிருப்பின், ஒரு மீட்டர் அலைக்கே, அதாவது 3.28 அடிக்கே, 'செல்லற்க' என்று தடுத்திருக்கும். முன்னர்ச் சொன்ன இருவகைத் தவறுகளும் இங்கே ஒரே திருத்தத்தின் இரு முகங்களாக நிற்கின்றன.

அலகு மயக்கம் பள்ளி மாணவர்க்கு மட்டும் உரியதன்று. 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் செவ்வாய்த் தட்பவெப்ப ஆய்வுக்கலம் அழிந்தமைக்குக் காரணம், ஒரு சாரார் பவுண்டுக் கணக்கிலும் மற்றொரு சாரார் நியூட்டன் கணக்கிலும் எண்களைக் கையாண்டதேயாகும்.

இத்தகைய பிழையைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முயலுதல் போதாது. ஒவ்வொரு திருத்தமும் களஞ்சியத்தை அடைந்தவுடன், குறித்த சோதனைகளைப் பொறியே நடத்தி, தேறியதா தவறியதா என அறிவிக்குமாறு அமைத்தல் வேண்டும். இவ்வமைப்பே பணித்தொடர், தொழிலோர் வழக்கில் 'பைப்லைன்'. களஞ்சியத்தில் வைக்கப்படும் சிறு கோப்பொன்றில் இதன் படிகள் எழுதப்படும். அப்படிகளை நிறைவேற்றும் பொறி 'ரன்னர்' எனப்படும். அது பிற பணியெதுவும் கலவாத தூய சூழலில் நிரலை எடுத்து இயக்குவதால், 'என் பொறியில் ஓடிற்றே' என்னும் வழக்கமான சமாதானத்திற்கு இடமில்லாமற் போகிறது.

நம் நிரலுக்கு மூன்று படிகள் போதும். முதற்படியில் நிரலின் இலக்கணம் சரிபார்க்கப்படும். இரண்டாம் படியில் விடை தெரிந்த கணக்குகள் கொடுக்கப்பட்டு, நிரலின் விடையுடன் ஒப்பிடப்படும். 1 மீட்டர் – செல்க, 2.4 மீட்டர் – செல்க, 2.5 மீட்டர் – செல்லற்க. 3 மீட்டர் – செல்லற்க. எல்லையிலும் அதற்குச் சற்று உள்ளேயும் உள்ள எண்களைச் சேர்த்திருப்பதை நோக்குக; பிழைகள் பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். மூன்றாம் படியில், முன்னிரண்டும் தேறினால் மட்டும், நிரல் பயனுக்கு வெளியிடப்படும்.

ஒரு படி தேறியதா என்பதைப் பொறி எங்ஙனம் அறிகிறது? ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும் என்பது யூனிக்ஸ் மரபு. அவ்வெண் சுழியாயின் வெற்றி, வேறெதுவாயினும் தோல்வி. தோல்வி கண்டவுடன் பணித்தொடர் நின்றுவிடும். அடுத்த படி நடவாது. பணித்தொடர் முறை முழுதும் இவ்வொரு மரபின் மேல் நிற்கிறது.

இவ்விடத்தில் நுட்பமான கண்ணி ஒன்றுண்டு. இரு கட்டளைகளைக் குழாயால் இணைத்தால், முழுமைக்கும் கடைசிக் கட்டளையின் எண்ணே விளைவாகக் கொள்ளப்படுவது வழக்கம். முதற் கட்டளை தோற்று, இரண்டாவது வெறுமையான உள்ளீட்டைப் பெற்று அமைதியாக முடியுமாயின், பணித்தொடர் 'தேறியது' என்று பச்சைக் குறி காட்டும். அலைமானியின் எண்களைக் கொணரும் கட்டளை தோற்றுப்போய், வெற்றுப் பட்டியல் 'சரியாக' வெளியாவதை எண்ணிப் பாருங்கள். இதனைத் தடுக்கப் பாஷ் கட்டளை உறையில் 'செட் –ஓ பைப்ஃபெயில்' என்னும் கட்டளை உளது. குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுமையும் தோற்றதாக அது கொள்ளச் செய்யும்.

பணித்தொடரின் நிலையைக் கட்டளை வரியினின்று அறியும் முறை வருமாறு:

கிளாப் சி.ஐ. லின்ட்
கிளாப் சி.ஐ. ஸ்டேட்டஸ்
கிளாப் சி.ஐ. டிரேஸ்

முதலாவது, பணித்தொடர்க் கோப்பு முறைப்படி எழுதப்பட்டுள்ளதா என்று கூறும். அக்கோப்பில் வரி உள்ளடங்கும் அளவு பொருளுடையதாதலால், தாவல் விசையை விடுத்து இடவெளி விசையையே கையாள வேண்டும். இரண்டாவது, படிகள் எந்நிலையில் உள்ளன என்று காட்டும். மூன்றாவது, ஒரு படி இயங்கும்போது எழும் குறிப்புகளை உடனுக்குடன் காட்டும். ஜி.எச். கருவியில் 'ஜி.எச். ரன் லிஸ்ட்', 'ஜி.எச். ரன் வாட்ச்', 'ஜி.எச். ரன் வியூ' என்பன இவற்றையொத்த பணிகளைச் செய்யும்.

வெளியிடும் படியையும் பொறியிடமே ஒப்படைப்பதன் பயனைப் பிறர்பட்ட துன்பத்தால் அறியலாம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில், எட்டுப் பொறிகளில் ஏற்ற வேண்டிய புதிய நிரல் ஒரு பொறியில் மட்டும் ஏற்றப்படாது விடுபட்டது. அவ்வொரு பொறியின் பழைய நிரலால் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம் நேர்ந்தது. கையால் எட்டுமுறை செய்யும் வேலையில் ஒருமுறை மறத்தல் மனித இயல்பு.

7. பிழை தோன்றிய இடத்தைக் காணுதல்

சென்ற மாதம் சரியாயிருந்த நிரல் இன்று தவறான விடை தருகிறது. இடையில் ஆயிரம் பதிவுகள் உள்ளன. எப்பதிவில் பிழை புகுந்தது என்று எவ்வாறு அறிவது? ஒவ்வொன்றாகச் சோதிக்கின் ஆயிரம் சோதனைகள் வேண்டும். 'கிட் பைசெக்ட்' என்னும் கட்டளை நடுவிலுள்ள பதிவை எடுத்துத் தரும். அது சரியெனின் பிழை பிற்பாதியில் உளது. தவறெனின் முற்பாதியில் உளது. எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்குவோம். இவ்வாறு பத்து முறை பாதியாக்கினால் 1024 பதிவுகளில் ஒன்றைக் கண்டுவிடலாம். அகராதியில் சொல் தேடுவோர் நடுவே திறந்து, முன்னோ பின்னோ எனத் தீர்மானிப்பதும் இம்முறையே. கணித ஆசிரியர் இரண்டின் அடுக்குகளைக் கற்பிக்க இதனை நல்லதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பிழையான பதிவைக் கண்டபின், 'கிட் ரிவர்ட்' என்னும் கட்டளையால் அதன் விளைவை நீக்கலாம். இக்கட்டளை பழைய பதிவை அழிப்பதில்லை. அதற்கு எதிரான புதிய பதிவொன்றைச் சேர்க்கிறது. குறிப்புத் தாளைக் கிழிக்காமல், கீழே மறுகுறிப்பு எழுதும் அலுவலக நெறியே இது. பலர் பகிர்ந்துள்ள வரலாற்றைத் திருத்தியெழுதும் கட்டளைகளும் உள்ளன. அவற்றைத் தனிக் கிளையில் தவிரப் பிற இடத்தில் கையாளலாகாது.

8. காக்க வேண்டியவை

கடவுச்சொல்லையும் அணுகுசாவியையும் எக்காலும் களஞ்சியத்தில் பதியலாகாது. ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த பதிவில் நீக்கினும் பழைய பதிவில் அவை நிலைத்திருக்கும். அவ்வாறு நேர்ந்துவிடின், முதற்கண் செய்ய வேண்டுவது அச்சாவியைச் செல்லாததாக்குதல். வரலாற்றைத் தூய்மைப்படுத்துதல் அதற்குப் பின்னரே.

செயற்கைக்கோட் படங்கள் போன்ற பெருங்கோப்புகள் நிரற்களஞ்சியத்திற்கு உரியன அல்ல. ஒவ்வொரு நகலிலும் முழு வரலாறும் செல்வதால் களஞ்சியம் விரைவில் பருத்துவிடும். கிட்ஹப் களஞ்சியமோ 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்பதே இல்லை. எண்களைத் தரவுக் கிடங்கிலும், அவற்றைக் கையாளும் நிரலை நிரற்களஞ்சியத்திலும் வைத்தல் முறை.

கட்டளை வரி கேட்டதைக் கேட்டவாறே செய்யும்; 'உறுதிதானா' என வினவாது. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், நீக்க வேண்டிய கோப்பகத்தை வேறொரு பொறியில் இருப்பதாக எண்ணி, பயனிலிருந்த தலைமைப் பொறியில் நீக்கிவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துத் தரவுகள் மீளவில்லை. நிரற்களஞ்சியங்கள் தனியே இருந்தமையால் அவை தப்பின. ஐந்து வகைக் காப்பு முறைகளுள் ஒன்றும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்பதை அந்நிறுவனமே மறையாது வெளியிட்டது. இதனின்று இரண்டு பாடங்களைப் பெறுகிறோம். நீக்கும் கட்டளைக்கு முன் 'ஹோஸ்ட்நேம்' என்று இட்டு, எப்பொறியில் இருக்கிறோம் என்பதை உறுதி செய்தல் ஒன்று. காப்பு நகலை எடுப்பதுடன் நில்லாமல், அதனின்று மீட்டுப் பார்த்துச் சோதித்தல் மற்றொன்று.

9. களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

இப்பாடம் நிரல் எழுதுவோர்க்கு மட்டும் உரியதென எண்ணற்க. கரையோர நிலையங்களிலிருந்து அலைமானியின் இருப்பிடம், துறைமுகப் பெயர், மீனவர் சங்கங்களுக்கான அறிவிப்பு வாசகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு அனுப்புவோர் களப்பணியாளரே. அப்பட்டியல்களும் எழுத்துக் கோப்புகளே. அவற்றையும் களஞ்சியத்தில் பேணலாம். தீர்க்க ரேகையும் அட்ச ரேகையும் இடம் மாறியிருத்தல், தமிழ் வாசகத்தில் 'செல்லலாம்' என்பது 'செல்லலாகாது' என்பதற்குப் பதிலாக விழுந்திருத்தல் போன்ற பிழைகளைப் பணித்தொடர் கண்டுபிடிக்குமாறு சோதனை எழுதுவது கடினமன்று. தமிழகக் கரையின் அட்ச ரேகை ஏறத்தாழ 8 முதல் 13½ பாகைக்குள் அடங்கும். அதற்குப் புறம்பான எண் வந்தால் தோல்வியென விதிக்க இரண்டு வரி போதும். எந்த எண் எங்கே இருத்தல் இயலாது என்பதை உள்ளபடி அறிந்தவர் களத்தில் இருப்பவரேயாதலின், இத்தகைய சோதனைகளை எழுதச் சொல்லும் பொறுப்பும் அவருக்கு உண்டு.

வகுப்பில் இதனை நடத்தும் ஆசிரியர் இணையத் தொடர்பு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. முதற் பயிற்சியும் கிளைப் பயிற்சியும் தனிக்கணினியிலேயே நடைபெறும். மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் வேண்டுமென்றே நிரலில் ஒரு பிழையைப் புகுத்துமாறும், மற்றவர் 'கிட் டிஃப்', 'கிட் பைசெக்ட்' ஆகியவற்றால் அதனைக் கண்டுபிடிக்குமாறும் செய்யின், பாடம் எளிதில் மனத்திற் பதியும். கட்டளைகளை மனப்பாடம் செய்விப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் 'கிட் ஸ்டேட்டஸ்' இட்டு, யாது மாறிற்று என்று சொல்லச் செய்வது நன்று.

அறிவிப்பு ஒன்று ஜீடிமெட்லாவை அடுத்த மையத்தினின்று புறப்பட்டுக் கடலோரக் குடிசையை அடையும் வரை பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையும் தான் செய்த மாற்றத்தைப் பெயருடனும் காரணத்துடனும் பதிந்து, பிறர் பார்வைக்கும் பொறியின் சோதனைக்கும் உட்படுத்துமாயின், அந்த அறிவிப்பை நம்பிப் படகை நிறுத்துபவரும், நம்பிப் படகைச் செலுத்துபவரும் ஏமாற்றமடையார்.

பயிற்சி வினாக்கள்

1. எடுத்து வைத்தல், பதிதல் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அலுவலக உவமையால் விளக்குக.

2. களஞ்சியத்தின் வரலாற்றில் ஒரு பழைய பதிவை எவரும் அறியாமல் மாற்ற இயலாமைக்குக் காரணம் யாது?

3. பாடத்தில் கூறிய அலைநிரலில் எல்லை 8.2 அடி எனவும், உள்ளீடு மீட்டரிலும் இருப்பின், நான்கு சோதனைகளுள் எவையெவை தவறும்?

4. குழாயால் இணைத்த கட்டளைகளில் முதற் கட்டளையின் தோல்வி மறைந்துபோவது எங்ஙனம்? அதனைத் தடுக்கும் முறை யாது?

5. 4000 பதிவுகளுள் பிழையான ஒன்றைப் பாதியாக்கும் முறையில் காண, அதிக அளவு எத்தனை சோதனைகள் தேவைப்படும்?

6. உங்கள் நிலையத்தினின்று வெளிச்செல்லும் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எவ்வெவ்வெண்கள் எவ்வெல்லையைத் தாண்டலாகாது என்று எழுதி, அதற்குரிய சோதனைகளை வகுக்க.